தராசுக்காரர் வீட்டுப் பூனைக்குட்டி

மூன்றாவது மாடியில் குடியிருந்த தராசுக்காரர் தன் ஐம்பத்து நான்காம் வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக எடுத்து வந்த பூனைக்குட்டி ஒரு சாண் நீளம்கூட இல்லை. எடை முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். விலங்குக் காப்பகத்தில் இருந்த பெண் அதை ஒற்றைக் கையில்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இவர் கைக்கு மாறிய உடனே தோள்பட்டை இறங்கியது. கொண்டுபோயிருந்த பையில் போட்டார், பை காதறுந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பேருந்தில் இரண்டு நிறுத்தம் வந்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி வீடு சேர்ந்தார். அன்றிலிருந்து யார் தூக்கினாலும் அதே எடைதான். குட்டிக்கு மட்டும் அது தெரியவில்லை. வந்த முதல் நாளே திரைச்சீலையில் தாவி, கம்பியோடு சேர்த்துப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்தது.

அவர் தொழிலே தராசு பழுது பார்ப்பது. கடைகள், பார்சல் அலுவலகம், மருத்துவமனை என்று ஊரில் எடை போடும் எல்லா இடங்களிலும் அவர் கை பட்டிருந்தது. அதனால் முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். முத்திரையிட்ட எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்தார். தராசில் குறையில்லை. குட்டியை மறுபடி வைத்தார். முள் அதே இடத்தில் வந்து நின்றது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த எண் அவருக்குத் தெரிந்த எண். ஏழு மாதத்துக்கு முன்பு, அவர் மனைவி உயிரோடு இருந்த கடைசிக் காலையில், மருத்துவமனையில் அவர் கையாலேயே ரிப்பேர் செய்த தராசு அவளுக்குக் காட்டிய எண்.

மனைவிக்குத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்தே ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பார் அவர். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். இருபத்தாறு வருடம் அடுத்த வருடமாகவே போயிற்று. அவள் போன பிறகு அலமாரியை ஒழிக்கும்போது, புடவைகளுக்கு அடியில் மீன் படம் போட்ட ஒரு சின்னக் கிண்ணம் கிடைத்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காப்பகத்துக்குக் கிளம்பினார்.

கடைசி நாள் பிற்பகல் அவள் ஒன்று கேட்டாள். "என்னைக் கொஞ்சம் அந்த ஜன்னல்கிட்டத் தூக்கிட்டுப் போங்களேன்." படுக்கைக்கும் ஜன்னலுக்கும் ஆறடி. "நர்ஸ் வரட்டும், ரெண்டு பேரா தூக்கிக்கலாம். எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்," என்றார் அவர். கைக்கு ஒன்றாக இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி மாடிப்படி ஏறியவர். ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கே விளங்கவில்லை. தூக்கினால் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது கைக்குத் தெரிந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். நாலரை மணிக்கு நர்ஸ் வந்தபோது தூக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இதையெல்லாம் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவியின் தங்கை. அடக்கம் முடிந்த பிறகு அத்தான் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

அவர் தினமும் வேலை முடிந்து வந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போகத் தொடங்கினார். குட்டி வெளியே பார்க்கவில்லை, அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் இடுப்பு உண்மையிலேயே பிடித்துக்கொண்டது. பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு தூக்கினார். தரையில் நாலு ஓடு விரிசல் விட்டது. கீழ்வீட்டு டீச்சர் அவரைப் படியில் நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. மேல உங்க வீட்டம்மா நடக்கற மாதிரியே சத்தம் கேக்குது," என்றாள். பூனைதான் என்றார் அவர். டீச்சர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் வந்து ஓடுகளைப் பார்த்தார், குட்டியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். "நீங்க வளக்கறது பூனையா, பீரோவா?" என்றார். மாதக் கடைசிக்குள் பூனை போகவேண்டும், இல்லாவிட்டால் அவர் போகவேண்டும்.

அவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனதும் உண்மை. அதே பெண் கதவைத் திறந்து, எதுவும் கேட்காமல், ஒற்றைக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாம்மா. வெயிட்டா இருக்கும்," என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

இரண்டு தெரு தள்ளி, கல் பாவிய தரைத்தள வீடு ஒன்று கிடைத்தது. வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம். பூனை வளர்ந்தது. வாலும் மீசையும் நீண்டன. ஆனால் எடை ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கால்நடை மருத்துவர் அதன் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் போட்டுவந்த கேள்விக்குறியை இரண்டாம் வருடம் போடாமல் விட்டுவிட்டார்.

அந்த வருடம்தான், அக்காவின் எடையில் ஒரு பூனை இருப்பதாக யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, மனைவியின் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"பாத்துட்டுப் போகத்தான் வந்தேன் அத்தான். உக்கார மாட்டேன்."

"உக்காராம அதைத் தூக்க முடியாதும்மா."

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் பூனையைத் தூக்கி வந்து அவள் மடியில் இறக்கினார். நாற்காலி முனகியது. அவள் நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பூனைக்கு அடியில் கொடுத்து, தரையிலிருந்து எழுந்திருப்பவரைத் தாங்குவது போலக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"அக்கா இவ்ளோதான் இருந்தாளா?"

"இவ்ளோதான்."

"தூக்கியிருக்கலாமே அத்தான்."

"தூக்கியிருக்கலாம்மா."

அவர் டீ போட்டு வந்தார். அது ஆறிப்போயிற்று. கால் மரத்துப் போயிருக்கும், இறக்கி விடட்டுமா என்றார். "இருக்கட்டும்," என்றாள்.

பூனை பதினாலு வருடம் இருந்தது. தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். அவள் மடியில் பூனை தூங்கும், அவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பொழுது சாயும்போது அவர் எழுந்து வந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பூனையைத் தூக்குவார். அவள் தொடையைத் தேய்த்துவிட்டு, நொண்டியபடி பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாள்.