ஆயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய்

என் மனைவி முத்துமாரி கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். நான் மாரிக்கண்ணன், சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். வரத்தும் தேவையும் சரிசமமாகும் விலை ஒன்று கட்டாயம் உண்டு என்று நிரூபிப்பதுதான் அவள் வேலை. அதற்கு எங்கள் மல்லிகையையே எடுத்துக்கொண்டாள். நான்கு வருடமாக அந்த விலைக்குக் கிடைத்த கவனிப்பு வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

போன ஆவணியில் அவளுடைய பேராசிரியர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விலை ஏற ஏறத் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று எழுதியிருந்தாளாம். தேவை ஓரிடத்தில் சட்டென்று அறுந்து விழுந்தால் உன் நிரூபணம் நிற்காதே என்றிருக்கிறார். ஆறு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் பட்டம் இல்லை. அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பூக்கடைக்காரனுக்கு வாக்கப்பட்டவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை.

மறுநாள் காலை கடைக்குக் கூட்டிப்போனேன். முகூர்த்த நாள். மல்லிகை வரத்து நாற்பது கிலோதான்; பூக்கட்டும் பெண்கள் கேட்டது அறுபது. விலை கிலோ ஆயிரம். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தேவை நாற்பதுக்கு இறங்கிவிடுமே என்றாள் முத்துமாரி.

“இறங்காது. இவளுவ பேசி வச்சிருக்காளுவ. ஆயிரத்துக்கு மேல ஒத்த ரூவா ஏறினாலும் அம்புட்டுப் பேரும் பிச்சிப்பூவுக்குப் போயிருவாளுவ. மல்லியச் சீந்த ஆள் இருக்காது.”

“அப்ப சரியான வெலையே கெடையாதே. என்ன செய்வீங்க?”

“ஆயிரத்துலயே நிப்பாட்டி, இருக்கதப் பங்கு வைப்பேன். மூணு கிலோ கேட்டவளுக்கு ரெண்டு.”

நாற்பது கிலோவும் தீரும்வரை தராசுப் பக்கத்திலேயே நின்றாள். ஒருத்தியும் சண்டை போடவில்லை. தேவை அறுந்து விழும் இடத்தில் விலை நிற்கும், மிச்ச இடைவெளியைப் பங்கீடு நிரப்பும் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். அவள் கேள்விக்கெல்லாம் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினாள். கடைசியில் வெளியூர்த் தேர்வாளர் தமிழிலேயே கேட்டார், இந்தப் பங்கீட்டு முறையை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள் என்று.

“புத்தகம் இல்ல சார், எங்க வீட்டுக்காரர். அந்தா, கடைசி வரிசைல இருக்காரு.”

அத்தனை பேரும் திரும்பினார்கள். பட்டம் உறுதி என்று அவர்கள் அறிவித்தபோதும் நான் நிமிரவில்லை. மார்க்கெட் முழுக்கக் கேட்க விலை கூவுகிறவன், அழுவது யாருக்கும் தெரியக் கூடாதென்று குனிந்தே இருந்தேன்.