ஜூலையில் சொல்லாத கதை

டிசம்பர் மாதத்தைப் பல்கலைக்கழகம் பல்வைத்தியப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டது. அவர்களுக்கு இடம் போதவில்லையாம். அதனால் 'அனிஷினாபேமோவின்' என்கிற பூர்வகுடி மொழிக்கான அறிமுக வகுப்பின் வாய்மொழித் தேர்வு ஜூலைக்கு வந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போன வருடம் பெப்ரவரியை வாகனத் தரிப்பிடத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வகுப்பில் மிஞ்சியிருந்த ஒரே மாணவி புனிதவதி. வயது ஐம்பதைத் தாண்டியவள். பிறந்த ஊர் அச்சுவேலி, இருக்கிற நாடு கனடா. "முப்பது வருசமா இவையின்ரை நிலத்தில இருக்கிறன். ஒரு வணக்கம் சொல்லத் தெரியாமல் சாகிறதே?" என்று சொல்லிக்கொண்டுதான் சேர்ந்தாள். கணவர் நடேசலிங்கம் சிரித்தார். அவர் சிரித்தது நல்லதாய்ப் போயிற்று. சிரித்திருக்காவிட்டால் இரண்டாம் வாரமே விட்டிருப்பாள்.

படிப்பித்தவள் ஷெல்பி. அந்த மொழிக்குரிய அனிஷினாபே மக்களில் ஒருத்தி. புனிதவதிக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. ஆனாலும் புனிதவதி அவளை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். ஷெல்பி பதிலுக்கு 'அன்ரி' என்பாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நானா நடத்துகிறேன்?

போன மாரியில், பனி முழங்கால்வரை கிடந்தபோது, தனக்கு ஒரு கதை சொல்லித்தரும்படி புனிதவதி கேட்டாள். அந்த மக்களிடம் கதையைச் சும்மா கேட்க முடியாது. புகையிலை வைத்துக் கேட்க வேண்டும். முறை என்றால் புனிதவதிக்கு முறைதான். வெள்ளித் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, நடுவில் தமிழ்க்கடையில் வாங்கிய யாழ்ப்பாணப் புகையிலை என்று அடுக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். ஷெல்பி வெற்றிலையைப் பார்த்தாள். பாக்கைப் பார்த்தாள். தன்னைப் பெண் கேட்டு வந்திருக்கிறாளோ என்று ஒரு கணம் பயந்தே போனாள். பிறகு புகையிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு சொல்லுத் தரவேணும் அன்ரி. நிலத்தில பனி கிடக்கேக்கைதான் இந்தக் கதையைச் சொல்லவேணும். மற்ற நேரம் சொல்லுறேல்ல."

"சத்தியமா, ரீச்சர்."

அவ்வளவுதான். அவள் சத்தியம் செய்தால் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் மாறாது.

தேர்வன்று நடைவழி வழக்கத்தைவிட நீண்டிருந்தது. நடந்து போனால் மண்டபத்துக்குப் போய்ச் சேர முடியாது. நடேசலிங்கம் காரை உள்ளே விட்டு, மண்டபத்துக்குள் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. சுருக்காக முடிந்துவிடும் என்று நினைத்தார்.

மண்டபத்தில் பீடாதிபதி விசிறிக்குக் கீழே நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஷெல்பி. அவளுடைய வலது பாதம் காலையிலிருந்தே மரமாக இருந்தது. அங்கே வகுப்பு மூடப்பட்டால் படிப்பிக்கிறவர் தளபாடமாகிவிடுவார். மூன்றாம் மாடியில் நிற்கிற அலுமாரி முன்பு இன்னொரு மொழி படிப்பித்த மனிதர். இப்போது அவருக்குள் துடைப்பங்கள் வைத்திருக்கிறார்கள். புனிதவதி பெயிலானால் வகுப்பை மூடுவார்கள். வகுப்பை மூடினால் ஷெல்பி கதிரை. இது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தொடங்குங்கோ அம்மா. குளிர்காலக் கதை," என்றார் பீடாதிபதி.

"ஏலாது."

"மறந்துபோச்சோ?"

"சொல்லுக்குச் சொல்லுத் தெரியும். வெளியில பாருங்கோ. புல்லு நிக்குது."

பீடாதிபதி எட்டிப் பார்த்தார். உண்மைதான். கையைத் தட்டினார். இரண்டு பேர் வந்து வெளியே இருந்த புல்தரையைப் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

"இப்ப புல்லு இல்லை."

"பனியும் இல்லை."

சாப்பாட்டுக் கடையின் குளிர்ப்பெட்டியைச் சுரண்டிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டத்தில் கொஞ்சம் வெள்ளையாக வந்தது. அதில் இரண்டு பட்டாணியும் கிடந்தன.

"இந்தாங்கோ பனி."

"தட்டத்தில எல்லோ கிடக்குது. நிலத்திலயோ கிடக்குது?"

நிலத்தில் கொட்டினார். கொட்டிய கையோடு உருகிப்போயிற்று. பட்டாணி மட்டும் மிஞ்சியது. நடேசலிங்கம் காருக்குள் இருந்து இருமினார்.

பீடாதிபதி கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "அம்மா, செனற் சபை ஜூலையைக் குளிர்காலமெண்டு தீர்மானிச்சுப் போட்டுது. நேற்று. ஒருத்தரும் எதிர்க்கேல்லை."

"அப்ப நீங்கள் ஏன் விசிறிக்குக் கீழ நிக்கிறியள்?"

அவர் விசிறிக்குக் கீழேயிருந்து ஓரமாகத் தள்ளி நின்றார். உடனே வியர்த்தது. திரும்பி வந்தார்.

இதற்குள் மரம் ஷெல்பியின் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்துவிட்டது. நல்ல மரம், மேப்பிள். ஒரு தச்சன் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பான்.

நடேசலிங்கம் கார்க் கண்ணாடியை இறக்கினார். "என்னப்பா, அந்தப் பிள்ளை அரைவாசி மரமாப் போச்சு. ஒரு கதைதானே. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப்போட்டு வாரும்."

புனிதவதி கார்ப் பக்கம் திரும்பினாள். பீடாதிபதி சொன்னால் எதிர்த்துப் பேசலாம். இந்த மனுசன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் ஷெல்பியைப் பார்த்தாள். அழுகை கண்வரை வந்துவிட்டது.

"ரீச்சர், என்ன செய்ய? நீங்கள் சொல்லுங்கோ."

"சொல்லாதேங்கோ அன்ரி."

"நோகுதோ?"

"மரத்துக்கு என்ன நோ? நான் கதிரையாப் போனாலும் கதை எனக்குள்ள இருக்கும். இப்ப சொன்னியள் எண்டால் அதுவும் இவையின்ரை தளபாடமாப் போயிடும்."

அழுகை வந்த வழியே திரும்பிப்போயிற்று. அந்த இடத்தில் கோபம் வந்து குந்தியது. புனிதவதி மேசையில் ஓங்கி அடித்தாள்.

"நீங்கள் கதிரையாப் போனால் உங்களில ஒருத்தரையும் இருக்க விடமாட்டன், ரீச்சர். பக்கத்திலேயே நிப்பன். எவன் வந்து இருக்கிறானெண்டு பாப்பம்!"

பீடாதிபதி கதிரையொன்றில் அமர்ந்து பேனாவை எடுத்தார். "அப்ப பேசாமல் இருந்தாவெண்டு போடுறன். பேசாட்டில் பெயில்."

"பேசிக்கொண்டே இருந்தால்?"

"அந்த மொழியில பேசிக்கொண்டிருக்கிற ஆளை இடையில நிப்பாட்டேலாது. அது விதி." விதியைச் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புனிதவதி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அது அறிமுக வகுப்பு. கதையைத் தவிர அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னை அறிமுகம் செய்வதுதான். அதற்குப் பருவம் கிடையாது. வெயிலிலும் சொல்லலாம், பனியிலும் சொல்லலாம்.

"பூஷூ," என்றாள். வணக்கம். "புனிதவதி நிந்திஷினிகாஸ்." என் பெயர் புனிதவதி. "அச்சுவேலி நிந்தூஞ்சிபா." நான் அச்சுவேலியிலிருந்து வருகிறேன்.

அதற்குப் பிறகு தன் குலத்தைச் சொல்ல வேண்டும். கரடி, கொக்கு என்று அந்த மக்களுக்குக் குலங்கள் உண்டு. புனிதவதிக்கு அப்படி ஒன்று இல்லை. இல்லாததை இருக்கென்று சொல்ல அவள் விரும்பவில்லை. அந்த இடத்தில் ஒரு மூச்சு சும்மா நின்றாள். பீடாதிபதி பேனாவைத் தாளில் வைத்தார். அவர் பெயில் என்று எழுத முன்னமே அவள் மறுபடி "பூஷூ" என்றாள்.

ஷெல்பியின் இடுப்பில் மரம் அப்படியே நின்றது.

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன்னைச் சொல்லி முடித்து நடேசலிங்கத்தை அறிமுகம் செய்தாள். செத்துப்போன தகப்பனைச் செய்தாள். காரை, மேசையை, இரண்டு பட்டாணிகளை, மூன்றாம் மாடி அலுமாரியைச் செய்தாள். மேலே ஒரு கதவு திறந்து, துடைப்பங்கள் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பீடாதிபதியையும் அறிமுகம் செய்தாள். தன் பெயரை அந்த மொழியில் கேட்டதும் அவர் எழுந்து நின்று, பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் இருந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு மூச்சு வரும். ஒவ்வொரு முறையும் பேனா தாளுக்கு வரும். நடேசலிங்கம் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இரண்டு சொல்லுக்கு நடுவில் குடித்தாள்.

ஓகஸ்ட் போனது. இலைகள் பழுத்து உள்ளே வந்தன. பீடாதிபதியின் முகம் மெல்ல வட்டமாகி, ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எண்கள் முளைத்தன. அவர் இடைக்கிடை மணி அடித்தார். ஒருவரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஷெல்பியின் இடுப்பு இளகியது. பிறகு முழங்கால். பல்வைத்தியப் பிரிவு வந்து டிசம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சத்தத்தில் பல் பிடுங்க முடியவில்லையாம்.

ஒரு நாள் மண்டபத்துக் கூரையிலிருந்து பனி கொட்டத் தொடங்கியது. மேசையில் விழுந்தது, காரில் விழுந்தது. நிலத்தில் விழுந்தது, உருகவில்லை. கணுக்கால்வரை ஏறியது.

புனிதவதி வாயை மூடினாள்.

பீடாதிபதி பேனாவை எடுக்கவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்த மனுசனுக்கு ஆசை வந்துவிட்டது. முகத்து முட்கள் இரண்டும் நடுங்கின.

"இனிச் சொல்லலாம்தானே அம்மா? பனி நிலத்திலதான் கிடக்குது."

"ஓம், கிடக்குது."

"அப்ப சொல்லுங்கோவன்."

"புகையிலை எங்கை?"

"என்ன?"

"கதை கேக்க வந்திருக்கிறியள். வெறுங்கையோடயோ வாறது?"

பீடாதிபதி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வெறுங்கைதான். பேனாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் புகையிலை தேடிப் புறப்பட்டார். அவர் கால் வைத்ததும் நடைவழி நீண்டது. போய்க்கொண்டே இருந்தார். அவர் அடிக்கிற மணி தூரத்தில் சின்னதாகக் கேட்டது. பீடாதிபதி இல்லாமல் தேர்வை முடிக்க முடியாது. அதுவும் விதிதான்.

ஷெல்பி இரண்டு காலையும் மடக்கிப் பனியில் சப்பாணி கட்டி இருந்தாள். நடேசலிங்கம் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சட்டைப்பையைத் தடவி, முன்னொரு காலத்தில் விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் பண்ணியிருந்த சுருட்டு ஒன்றை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டு அவள் முன்னால் வைத்தார்.

புனிதவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

சுருட்டை எடுத்துக்கொண்டாள். கதையைத் தொடங்கினாள்.