சுஜித்தாவின் எழுபது துண்டுகள்

ஸம்றாவின் வாப்பா முகைதீன்பாவா, நிந்தவூரில் வயல்களின் தண்ணீரைக் கவனிக்கும் வட்டை விதானை. அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு விவசாயக் கூட்டம். வெள்ளம் எங்கே தேங்குகிறது என்று அங்கே காட்டினால்தான் பெரும்போக நெல் விதைப்புக்கு முன் வாய்க்கால் வெட்டுவார்கள்.

வயல்களுக்கு மேலே ட்ரோன் எடுத்த படங்களை, அங்கே காட்ட ஒரே வரைபடமாக ஒட்ட ஸம்றாவின் கணினிக்கு மட்டும் இரண்டு நாள் வேண்டும். அதனால் ஆறு தோழிகளின் கணினிகளையும் தன்னுடையதோடு நேரடியாகக் கோத்திருந்தாள். அவற்றில் தலைமைக் கணினி என்று எதுவும் இல்லை. நீதி என்று நினைத்து, ஆளுக்கு நூறு துண்டாக வேலையைப் பிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆறு கணினிகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தன. காரைதீவில் இருக்கும் தோழி சுஜித்தாவின் பழைய கணினியில் மட்டும் எழுபது மிச்சம்.

“சுஜி, போகுதா?”

“ஓமடி. மூச்சு வாங்கி வாங்கிப் போகுது,” என்று தொலைபேசியில் சிரித்தாள் சுஜித்தா. “என்ட பங்கை நானே முடிப்பன்.” அவளிடமிருந்து வேலையைப் பறிக்க ஸம்றாவுக்கு மனம் வரவில்லை.

பகல், பக்கத்து வீட்டில் கல்யாணச் சாப்பாடு. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஸம்றாவோடு ஆறு பெண்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை எவரும் எழும்புவதில்லை. வயதான சல்மா உம்மா மெல்ல மெல்ல மென்றுகொண்டிருந்தார்.

“மாடு கிழமா, என்ட பல்லுக் கிழமா?”

“பல்லுக் கட்டி ஒரு மாசந்தானே உம்மா. மாட்டிலதான் குத்தம்!” என்றார் கமீலா மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினிடையே மாமியின் விரல்கள் சல்மா உம்மாவின் பக்கத்துச் சோற்றில் ஒரு பிடியைத் தம் பக்கம் இழுத்தன. மறுபக்கத்தில் இருந்தவளும் அப்படியே செய்தாள். ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

ஸம்றா வீட்டுக்கு ஓடினாள். ஒரே ஒரு விதியை மாற்றினாள்: வேலை முடிந்த கணினி சும்மா இராமல், அதிகம் மிஞ்சியிருக்கும் கணினியிடமிருந்து ஒவ்வொரு துண்டாகத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுபது கரையத் தொடங்கியது.

சுஜித்தா அழைத்தாள். “ஏய், என்ட கிழவன் பறக்கிறானடி! என்ன செய்தாய்?”

பொய் சொல்ல ஸம்றாவுக்கு வாய் வரவில்லை. “உன்ட துண்டுகளை எல்லாரும் சேர்ந்து தின்னுறமடி.”

“அப்ப கடைசித் துண்டை எனக்கு விடச் சொல்லு.”

“ஓம், அது உனக்குத்தான்.”

அஸருக்குப் பாங்கு சொல்லும்போது அந்தத் துண்டு காரைதீவிலிருந்து வந்து பொருந்தியது.

மாலையில் வாப்பா முற்றத்திலிருந்தே கூவினார். “அல்ஹம்துலில்லாஹ்! திங்கக்கிழமை வாய்க்கால் வெட்டுறாங்களாம் மகள்! படம் ஆர் செஞ்சதெண்டு கேட்டாங்க. ஏழு பேருட பேரையும் சொன்னன். நீ எழுதித் தந்த மாதிரி சுஜித்தாட பேர்தான் முதல்ல.”

ஸம்றா அப்போதே காரைதீவுக்கு அழைத்தாள்.