பவளத்தை இறக்க ஒரு வண்டி

மலைமேல், தானா ராத்தா ஊரில் விஜயன் விலைக்கு வைத்திருந்த சிவப்புக் காரின் மேல் தங்கராஜுவுக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அவனுக்குப் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். பின்னால் கொக்கிகூடப் போட்டிருக்கிறது, குதிரை டிரெய்லரை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும் என்று ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தான்.

மனைவி விக்னேஸ்வரிக்குக் கவலை வேறு. தேயிலைத் தோட்டத்துக்கு வரும் சுற்றுப்பயணிகளைச் சுமந்து இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பெண் குதிரை பவளம், இப்போது நிறைசினை. போன தடவை டாக்டர் மலையேறி வருவதற்குள் குட்டி செத்துப் பிறந்தது. அந்தப் பாவம் இனி வேண்டவே வேண்டாம். இந்த முறை அந்த ஈப்போ டாக்டரே, பவளத்தை முன்கூட்டியே மலையிறக்கித் தன்னிடம் கொண்டுவரச் சொல்லி டிரெய்லரையும் இரவல் கொடுத்திருந்தார். இழுக்கத்தான் வண்டி இல்லை.

கம்போங் ராஜாவில் தோட்டம் போட்டிருந்த பக்கிரிசாமியும் தன் பழைய ஃபோர்வீலை விற்பதாக இருந்தார். முட்டைக்கோஸ் ஏற்றி ஏற்றி நிறமே தெரியாமல் போன கனத்த டீசல் வண்டி அது.

“அதுல போனா, கோஸ் என்னா வெலன்னு கேப்பாங்க லா,” என்றான் தங்கராஜு.

“பவளம் கலரா பாக்கப்போவுது? ரெண்டையும் ஓட்டிப் பாத்துரலாங்க.”

பக்கிரிசாமியே குதிரை எடைக்குக் கோஸ் மூட்டைகளை டிரெய்லரில் அடுக்கிக் கொடுத்தார். தோட்டத்து மேட்டில் சிவப்புக் கார் ஜம்மென்று ஏறியது. தங்கராஜு மீசையைத் தடவிக்கொண்டான்.

“ஏத்தம் பாத்தாச்சு. பவளம் போறது எறக்கமாச்சே,” என்றாள் விக்னேஸ்வரி. “மூட்ட வாயத் தொறந்து சொல்லாது. நீங்க டிரெய்லருக்குள்ள நில்லுங்க, நான் ஓட்டுறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். இரண்டாவது வளைவில் டிரெய்லர் காரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. ஸ்டியரிங் அவள் கையில் உதறியது. பின்னால் “முருகா, முருகா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எப்படியோ அடிவாரத்தில் நிறுத்தி, ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. தலையெல்லாம் கோஸ் இலை. ஃபோர்வீலில் பின்னாலேயே வந்த பக்கிரிசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஃபோர்வீலில் டிரெய்லரை மாட்டி மேட்டுக்குத் திரும்பியதும் தங்கராஜு யாரும் சொல்லாமலே மறுபடி உள்ளே ஏறிக்கொண்டான். விக்னேஸ்வரி கியரைக் குறைத்ததும் அந்த வண்டி பின்பாரத்தைத் தன் கனத்திலேயே தாங்கிப் பிடித்துக்கொண்டு, வளைவு வளைவாக நிதானமாய் இறங்கியது.

இனி என்ன சாக்குச் சொல்வானோ என்று விக்னேஸ்வரி காத்திருந்தாள். அவனோ நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பவளத்தின் வயிற்றில் கையை வைத்தான்.

“மூட்டையப் புடிச்சிருந்த எனக்கே கொல நடுங்கிருச்சு, விக்னா. இது எதப் புடிச்சுக்கும்?”

இந்த மனுஷனோடா இத்தனை நாள் மல்லுக்கட்டினோம் என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம், விலைக்கு வாங்கிய அந்த ஃபோர்வீலிலேயே பவளத்தை ஈப்போவுக்கு இறக்கினார்கள். பிரசவ நேரத்தில் குட்டி வயிற்றுக்குள் புரண்டு கிடந்தது. டாக்டர் கையைவிட்டுத் திருப்பி, உயிரோடு வெளியே எடுத்தார். அது தட்டுத்தடுமாறி எழுந்து, தாயின் மடியைத் தேடிப் பிடிக்கும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.