சுட்டால் சொல்லுங்க

பேக்கரி அடுப்பிலிருந்து தட்டைத் துணி இல்லாமல் எடுப்பவன் நான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இரும்பு'. இரும்பென்றால் துருப்பிடிக்காதா? முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் சீழ் வைத்துவிட்டது.

எலும்பின் ஆழத்தில் குடித்தனம் நடத்திய கிருமிகளை மாத்திரையாலோ ஊசியாலோ அசைக்க முடியவில்லை.

"புது சிகிச்சை ஒண்ணு, இன்னும் சோதனையிலதான் இருக்கு. இதுக்கும் கேக்கலேன்னா காலை எடுக்கறதைப் பத்திப் பேசணும்" என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குத் தெரியாத துகள்களை எலும்புக்குள் செலுத்துவார்களாம். வெளியிலிருந்து மைக்ரோவேவ் பாய்ச்சினால் துகள்கள் சூடேறி, கிருமி வாடும். வாடியதை மருந்து முடித்துவிடும்.

"சாப்பாடு சூடு பண்ற பெட்டியா?" என்றாள் மனைவி.

"அதோட தங்கச்சி. கொஞ்சம் நல்லாப் படிச்சது" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இவரையும் சூடு பண்ணிக் குடுங்க. வீட்டுல ஆறிப்போய்த்தான் கிடக்கார்."

கருவியை இயக்குகிற தம்பி என் காலில் மைக்ரோவேவ் பாய்ச்சும் வட்டைப் பொருத்தினான். "அண்ணே, தோல் சுட்டா உடனே சொல்லுங்க."

சுட்டது. சொல்லவில்லை. ரொட்டி வேகாவிட்டால் இன்னும் கொஞ்சம் சூடு வைப்போமே, அந்தக் கணக்கு. "குளுகுளுன்னு இருக்கு தம்பி" என்றேன்.

அவன் என் நெற்றி வியர்வையைப் பார்த்துக் கருவியை நிறுத்தினான். வட்டு நகர்ந்திருந்தது. அடியில் தோல் கொப்புளித்திருந்தது.

டாக்டரம்மா வந்தார். "வெளிய கருகி உள்ள மாவா இருக்கற ரொட்டியை யாருக்காவது விப்பீங்களா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணா சிகிச்சையையே நிறுத்திடுவேன்."

தொழிலை வைத்தே அடித்துவிட்டார்.

மனைவி ஏற்கெனவே மடித்திருந்த துண்டை மறுபடி மடித்தாள். "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியேதாங்க எலும்பு வரைக்கும் விட்டீங்க. எனக்குக் கிருமி பயமில்ல. உங்க 'ஒண்ணுமில்ல'தான் பயம்."

புண் ஆறிய பிறகு மறுபடி படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுருக்கென்றது. பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுது" என்றேன்.

தம்பி வட்டைச் சரிசெய்தான். "இப்ப?"

"இல்ல."

"நிஜமாவா?" இது மனைவி.

"நிஜமா."

அப்படியே பல தடவை சுடுது, இல்லை என்று பாடம் ஒப்பித்தேன். சீழ் நின்றது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "கால் உங்களுக்கேதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டினேன்.

"வலிக்குதா?" என்றாள்.

"லேசா வலிக்குது. படியேறினா கொஞ்சம் கூட."

"அப்பாடா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.