மணிக்கட்டில் வெள்ளைப் பொடி

வியாழக்கிழமை காலை அந்த அட்டைப்பெட்டி வெர்னா லிண்ட்க்விஸ்டின் மேசைக்கு வந்தது, முன்வாசலில் தபால் பிரிக்கும் பெண்ணின் சோம்பலால். "தலைமைப் பயிற்சியாளர், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்" என்ற முதல் வரியோடு அவள் படிப்பை முடித்துக்கொண்டாள். அந்த வரி இருபத்தாறு வருடமாக வெர்னாவுக்குச் சொந்தம். அதற்கு அடுத்த வரியில் "ஷெல்பி க்ரோவர்" என்று வெர்னாவின் உதவிப் பயிற்சியாளரின் பெயர் இருந்ததை வெர்னா கூட மூடியைக் கிழித்த பிறகுதான் பார்த்தாள்.

உள்ளே மெல்லிய தாளில் சுற்றிய ஓர் ஆட்ட உடை. கறுப்பு, தோளில் நீல மினுக்கு. வேறு யாருக்கோ போக வேண்டியது என்று திரும்ப மடிக்கப் போனாள். அவர்கள் பல்கலைக்கழகத்தின் உடை அரக்குச் சிவப்பு. இடது கையில் ஒரு மஞ்சள் கோதுமைக் கதிர். வெர்னா முதல் வருடம் தன் சமையலறை மேசையில் பென்சிலால் வரைந்த கதிர் அது. நெப்ராஸ்காவில் கதிர் இல்லாமல் வேறென்ன போடுவது, கடல் அலையா?

அடியில் ஆர்டர் தாள் இருந்தது. அடுத்த பருவத்துக்கு. பதினைந்து பெண்களின் பெயர், அளவு. கீழே, "தலைமைப் பயிற்சியாளர்: ஷெல்பி க்ரோவர்." தேதி டிசம்பர் ஒன்பது. இது மார்ச்.

வெர்னாவின் அப்பா கெர்ன் சிட்டியில் பழைய கார் விற்றவர். ஒரு காரைப் பார்த்தால் முதலில் பெயின்ட்டைப் பார்க்காதே, பிரேக் மிதியின் தேய்மானத்தைப் பார் என்பார். வெர்னா உடையைத் திருப்பினாள். மணிக்கட்டு மடிப்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கம்பியில் தொங்கும் முன் பெண்கள் உள்ளங்கையில் பூசிக்கொள்ளும் பொடி. வலது அக்குளில் தையலைப் பிரித்து மறுபடி போட்டிருந்தது. ஆக, இது கடையிலிருந்து நேராக வந்த புதுசு அல்ல. இந்தக் கூடத்திலேயே யாரோ போட்டுப் பார்த்து, அக்குளில் இறுக்குகிறது என்று திருப்பி அனுப்பி, பிரித்துத் தைத்து வந்திருக்கிறது.

இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். தோளில் தொடங்கி, கால்களுக்கு நடுவே போய், முதுகு வழியாக அதே தோளுக்கு வரும் சுற்றளவு. அந்த ஒரு கணக்கில்தான் இந்த உடை உட்காரும், அல்லது உயிரை வாங்கும். இருபத்தாறு வருடமாக எல்லாப் பெண்களையும் அவளே அளந்திருக்கிறாள். ஐம்பத்தெட்டேகால் அங்குலம். கூடத்தில் ஐம்பத்தெட்டேகால் ஒருத்திதான்.

மாலரி ஹூபெக்.

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷெல்பியின் பெயர் அவளைக் கோபப்படுத்தியது. இந்த எண் அவள் காலை வாரிவிட்டது.

போன கோடையில் தெற்கே பெரிய பல்கலைக்கழகம் ஒன்று மாலரியைத் தூக்கிப்போக வந்தது. கல்லூரியில் ஒருத்தி நாலு பருவம் ஆடலாம்; தோள் அறுவைசிகிச்சையில் ஒரு வருடம் ஆடாததால் அவளுக்கு ஐந்தாம் வருடம் ஒன்று மிச்சம் இருந்தது. வெர்னா நாலு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு நார்த் பிளாட்டிலிருந்த அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா காரமான பீன்ஸ் குழம்பும், தொட்டுக்கொள்ளப் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டிச் சுருளும் வைத்தாள். இரண்டாம் தட்டில், "இங்கேயே இரு. ஐந்தாம் வருடம் உனக்கு இடம் உண்டு. நானும் இருப்பேன்" என்று வெர்னா வாக்குக் கொடுத்தாள். மாலரி தங்கினாள். வெர்னாவின் ஒப்பந்தமோ ஜூனில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் என்று விளையாட்டுத் துறை இயக்குநர் டுவேன் பிகலோ கைகுலுக்கிச் சொல்லியிருந்தார். காகிதம் வந்துகொண்டே இருந்தது, வந்து சேரவில்லை.

அன்று பயிற்சியில் வெர்னா பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. மாலரி பீமில், நாலு அங்குல அகலக் கட்டையில், ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். வெர்னா போகிற போக்கில் கேட்டாள்.

"வலது அக்குள்ல இன்னும் இறுக்குதா?"

"இல்ல கோச், இப்ப தைச்சுக் கொடு—"

மாலரி கட்டையிலிருந்து இறங்கிவிட்டாள்.

"எதைத் தைச்சாங்க?"

"தோள்ல ஒட்டற டேப்பைச் சொன்னேன் கோச்."

"டேப்பைத் தைக்கிறாங்களா இப்ப? காலம் முன்னேறிப்போச்சு." வெர்னா பொடி டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "எங்கிட்ட எதாவது சொல்லணுமா கண்ணு?"

மாலரி பொடி டப்பாவைப் பார்த்தாள். "இல்ல கோச்."

"சரி. ஏறு மறுபடி."

மதியம் ஷெல்பியைக் கூப்பிட்டாள். ஷெல்பி பதினெட்டு வயதில் கிழிந்த முழங்காலோடு நின்றபோது, வரச்சொல்லியிருந்த மூன்று கல்லூரிகளும் தொலைபேசியை எடுக்காமல் போயின. வெர்னா எடுத்தாள். நாலு வருடம் ஆடவைத்தாள், பன்னிரண்டு வருடம் பக்கத்தில் வைத்திருந்தாள். உள்ளே வந்த ஷெல்பி மேசைமேல் கறுப்புத் துணியைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"பருவம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன் கோச்."

"எந்தப் பருவம்டி? டிசம்பர் ஒன்பதாம் தேதி ஆர்டர் போட்டிருக்க. முதல் போட்டியே அப்ப நடக்கல."

"டுவேன்தான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னார்."

"யாருக்கும்னா? துணிக்காரனுக்குத் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரிக்கு மட்டும்தான் வீடு வித்துப்போச்சுன்னு தெரியாது. காலையில எழுந்து வாசல் கூட்டிட்டு இருக்கா."

"நான் மாட்டேன்னா வெளியாள் ஒருத்தரைக் கொண்டுவந்திருப்பாங்க. நானாவது நீங்க வளர்த்த பொண்ணு."

"அதான் கதிரைப் புடுங்கிட்டியா?"

ஷெல்பி தயங்கினாள். "சேர வர்ற பொண்ணுங்க சொல்றாங்க கோச். அது மாட்டுத்தீவன மூட்டை மேல போட்ட படம் மாதிரி இருக்காம்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"மாலரி வாயை எதை வச்சு அடைச்சே?"

"அடுத்த வருஷம் நீதான் கேப்டன்னேன்."

வெர்னா ஆர்டர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "பதினஞ்சு பேர் இருக்கு. கேப்டன் எங்கே?"

ஷெல்பி தாளைப் பார்க்கவில்லை. அவள் எழுதியதுதானே. "ஓக்லஹோமாலேர்ந்து ஒரு பொண்ணு மாறி வரா. இடம் பத்தல. மாலரி தோள் ஐந்தாம் வருஷம் தாங்குமான்னு... உங்களுக்கே தெரியும்."

"அவளுக்கு அளவு வச்சு உடை தைச்சுப் பார்த்திருக்க."

"ஒரே ஒரு மாதிரி உடைதான் கோச். அவ தோள் அகலம். அவளுக்குச் சரியா வந்தா எல்லாருக்கும் வரும்."

"அவகிட்ட எப்பச் சொல்லப்போறே?"

ஷெல்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"பருவம் முடிஞ்சதும்."

வெர்னா உடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இதற்குமேல் திட்டினால் வார்த்தைக்குத்தான் வீண்செலவு.

வெள்ளிக்கிழமை டுவேன் பிகலோ அவளைத் தானே கூப்பிட்டனுப்பினார். ஷெல்பி சொல்லியிருக்கிறாள். மேசைமேல் ஓர் அறிக்கை தயாராக இருந்தது. குடும்பத்தோடு அதிக நேரம் செலவிட விரும்பி வெர்னா தானாகவே ஓய்வு பெறுகிறாள் என்றது அது. வெர்னாவின் குடும்பம் என்பது ஒற்றைக்கண் நாய் ஒன்று. அதற்கு ஏற்கெனவே அவளோடு இருக்கும் நேரமே அதிகம்.

"ஞாயித்துக்கிழமை கடைசி உள்ளூர்ப் போட்டி, வெர்னா. ஆறாயிரம் பேர் வருவாங்க. அழகா முடிச்சுடலாம்."

கையெழுத்து ஏன் வேண்டும் என்று வெர்னாவுக்குத் தெரியும். அவளுக்காகவே வரச் சம்மதித்த இரண்டு பள்ளிப் பெண்கள் அடுத்த வருடப் பட்டியலில் இருந்தார்கள். வெளியே தள்ளினார்கள் என்று செய்தி போனால் அந்த இரண்டு அம்மாக்களும் மாலைக்குள் வேறு கல்லூரிக்குப் போன் போடுவார்கள். ஆக, இந்த அறையில் விற்பதற்கு ஒரு சரக்கு இருக்கிறது. அது அவள் கையெழுத்து.

அப்பா கார் வாங்கப் போனால் தனக்கு வேண்டிய காரை ஒருநாளும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். பக்கத்துக் காரைத்தான் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

"ரெண்டு வருஷம்னு கைகொடுத்தீங்களே டுவேன்."

"அது வந்து... நிலைமை மாறிடுச்சு."

"அப்ப கூடத்துக்கு என் பேர் வைங்க."

"ஐயோ வெர்னா. பேர் வைக்கணும்னா நன்கொடையாளர் யாராவது..."

"கதிர் சின்னம் பத்து வருஷத்துக்கு மாத்தக் கூடாது."

"துணி ஆர்டர் போயிடுச்சே."

"ஒரு வருஷம் ஆலோசகரா இருக்கேன். ஷெல்பி பக்கத்துலயே உட்காருவேன். தினமும்."

டுவேனின் நெற்றி பளபளத்தது. ஒவ்வொன்றுக்கும் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வெர்னா பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள்.

"எதுக்கும் இல்லைங்கறீங்க. சரி, கொசுறாவது ஒண்ணு போடுங்க. அந்த ஹூபெக் பொண்ணுக்கு ஐந்தாம் வருஷம். உதவித்தொகையோட, தோள் இருந்தாலும் போனாலும். ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவ்வளவுதானா?" என்றார் டுவேன். ஐந்து நிமிடத்தில் தாள் அடித்து வந்தது. அவருக்கு வந்த நிம்மதியில் வெர்னாவுக்குக் காப்பி கூட வரவழைத்தார். இரண்டு கையெழுத்தும் விழுந்து தாள்கள் கை மாறிய பிறகுதான் யோசித்தார் போல. "ஆமா, ஏன் அந்தப் பொண்ணு? அவளும் உங்களுக்கு எதுவும் சொல்லலியாமே."

"அவ அம்மா வீட்ல ரெண்டு தட்டு சாப்பிட்டிருக்கேன்" என்றாள் வெர்னா.

ஞாயிறு மதியம் கூடம் நிரம்பியது. ஒலிபெருக்கி அவள் ஓய்வை அறிவித்தது, குடும்பம் உட்பட. ஜனங்கள் எழுந்து தட்டினார்கள். பெண்கள் அழுதார்கள், டிசம்பரிலிருந்து தெரிந்த செய்திக்கு அவ்வளவு நன்றாக அழுதார்கள்.

கடைசி ஆட்டம் பீம். ஆறாவதாக மாலரி. அவள் உந்துபலகையில் எகிறி மிதித்துக் கட்டைமேல் ஏறுவாள். ஏறிய நொடியே பலகையை யாராவது இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தால் அதன்மேல்தான் விழுவாள். அவள் ஆடிய வருடமெல்லாம் அதை இழுத்தது வெர்னா. ஷெல்பி முன்னால் வந்தாள்.

"இன்னிக்கு நான் இழுக்கட்டுமா கோச்?"

"ஜூன் முடியட்டும்டி" என்றாள் வெர்னா.

மாலரி ஓடிவந்தாள், மிதித்தாள், ஏறினாள். வெர்னா இழுத்த இழுப்பில் பலகை போன இடம் தெரியவில்லை. ஒன்றரை நிமிடம் அந்தப் பெண் நாலு அங்குலத்தில் நடந்தாள், திரும்பினாள், பின்னால் புரண்டாள். இரட்டைச் சுழலில் குதித்து, அறைந்த ஆணி மாதிரி நின்றாள். கூரை இடிந்தது போல் சத்தம். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பலகையை இழுத்தவரிடம்தான் பெண் முதலில் ஓடிவருவாள்.

வெர்னாவின் இரண்டு கைகளும் தாமாகவே உயர்ந்தன.

மாலரி ஓடிவந்தாள். வெர்னாவை அரை அடி இடைவெளியில் கடந்து, ஷெல்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

உயர்ந்த கைகளை என்ன செய்வது? வெர்னா அவற்றை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்து ஆட்டினாள். விடைபெறுகிறாள் என்று நினைத்து ஆறாயிரம் பேரும் மறுபடி எழுந்து நின்றார்கள். மதிப்பெண் பலகையில் ஒன்பது புள்ளி ஒன்பது ஐந்து என்று வந்ததை அவள் பார்க்கவில்லை. ஷெல்பியின் தோளுக்கு மேலாக மாலரி தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். அந்தப் பெண் கண்ணை இறக்கிக்கொண்டாள்.

எல்லாரும் புகைப்படத்துக்கு நின்றிருந்தபோது வெர்னா உடைமாற்றும் அறைக்குப் போனாள். பெட்டியை மாலரியின் அலமாரிக்கு முன் பெஞ்சில் வைத்தாள். கறுப்பு உடையின்மேல் டுவேனின் தாளை வைத்தாள். ஆர்டர் தாளைக் குப்பைக் கூடைக்கு மேல் சிறிது நேரம் பிடித்திருந்தாள். சரக்கில் ஓட்டை இருப்பதைச் சொல்லாமல் விற்பது அப்பாவின் வழக்கம். அந்த ஒன்றை மட்டும் அவள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் உள்ளே வைத்தாள், பதினைந்து பெயரும் மேலே தெரிகிற மாதிரி.

மூடியில் எழுதப் பேனாவை எடுத்தாள். மாலரி என்று எழுதக் கை வரவில்லை. ஐம்பத்தெட்டேகால் என்று எழுதிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.