முன்சக்கரங்களுக்கு இன்னும் ஆகஸ்ட்

நவம்பர் மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, மாக்னஸ் தன் முன்னாள் மனைவியின் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலேயே இறங்கினான். காலையிலிருந்து பனி பெய்துகொண்டிருந்தது. உள்ளே வரும்படி அவனை யாரும் அழைக்கப்போவதில்லை. அவனும் அதை எதிர்பார்த்து வரவில்லை. மகள் வெரேனாவை மலைமேலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துச்சென்று, ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். அவ்வளவே.

எனினும் இடையில் ஒரு காகிதம் இருந்தது. மணவிலக்கின்போது இருவருடைய வழக்கறிஞர்களும் சேர்ந்து எழுதிய உடன்பாட்டின் ஏழாம் பத்தி அது. பனி விழுந்த நாளில் தந்தையின் கார் பனிச்சாலைக்குத் தகுதியற்றது என்று தெரியவருமாயின், ஈஸ்டர் வரை அந்தக் காரில் மகள் மலையேறமாட்டாள். தாய் ஒப்பும் வேறு வழி இல்லையெனில், தந்தை கீழே இறங்கிவந்து ஏதேனுமொரு காபிக் கடையில் அவளைப் பார்த்துச் செல்லவேண்டும். பதினொரு வயது மகளோடு ஐந்து மாதம் காபிக் கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை மாக்னஸால் எண்ணிப் பார்க்கவே இயலவில்லை.

அவன் முன்னாள் மனைவி ரோஸ்விதா வெளியே வந்தாள். அவள் விரல்களுக்கிடையே இரண்டு யூரோ நாணயம் ஒன்று இருந்தது. டயரின் வரிப்பள்ளத்தில் அதைச் செருகி, பள்ளம் போதிய ஆழமா என்றறிய ஓரத்து வெள்ளி வளையம் முழுதும் மறைகிறதா என்று பார்ப்பது அவ்வூரில் எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் டயர் பட்டறைக்காரரின் மகளாகிய அவள் கையில் அந்நாணயம் கத்தியைப்போலத் தோன்றியது.

"வந்துட்டியா? வீடே வேணாம், இது போதும்னு எழுதிக்குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போனியே, அந்த மகாராணியோட?"

"புது டயர். மொதல்ல பாரு. அப்புறம் வாயத் தொற."

மகாராணி வெள்ளி நிறத்தவள். நீண்ட மூக்கும் தாழ்ந்த முதுகும் உடையவள். பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுபவள். ரோஸ்விதா பின்சக்கரத்தருகே குந்தி நாணயத்தைச் செருகினாள். வெள்ளி வளையம் மறைந்தது. பக்கச்சுவரில் மூன்று சிகரங்களுக்கு நடுவே பனிப்பூ பொறித்த, பனி டயருக்கான முத்திரையும் இருந்தது. மாக்னஸ் வெற்றிப் புன்னகையோடு கைகளைக் கட்டிக்கொண்டான்.

அவள் எழுந்து முன்பக்கம் சென்றாள். அவ்விடத்தில் அவனுடைய புன்னகை சற்றே தளர்ந்தது.

"இங்க பூவக் காணோமே?"

"முன்சக்கரத்துக்கு அளவு வேற. டிசம்பர் நடுவுலதான் வரும்னாங்க. தள்றது பின்சக்கரம்தானே? பனி டயரும் அதுக்குத்தான் வேணும். எங்கப்பா இருபது வருஷம் அப்படித்தான் ஓட்டினார்."

"உங்கப்பா மூணு தடவ ஓடையில கெடந்தார். ஊருக்கே தெரியும்." அவள் நிமிர்ந்தாள். "அக்டோபர்ல மாட்டி ஈஸ்டருக்குக் கழட்டுன்னு சின்னப் புள்ளைக்கும் சொல்லிக்குடுப்பாங்க. உன் காருக்குப் பின்னாடி மட்டும் குளிர்காலமா? முன்னாடி இன்னும் ஆகஸ்ட்டா?"

எதிர்வீட்டு முன்பு பனி தள்ளிக்கொண்டிருந்த கிழவர் பார்ட்ல் மண்வாரியை ஊன்றி நின்றுவிட்டார். "டிக்கி ஏன்டா இப்படி உக்காந்திருக்கு? மாமியார உள்ள வச்சிருக்கியா?"

"மணல் மூட்ட," என்றான் மாக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு. பின்பக்கம் பிடிமானத்துக்கு."

"அப்போ மூக்கு இன்னும் லேசாயிடுமேடா, மூக்குக்குத்தானே இப்போ பிடிமானமே இல்ல!" என்று கிழவர் சிரித்தார்.

வெரேனா முதுகுப்பையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முன்னிலையில் கேலிக்கு ஆளானதுதான் அவனைச் சுட்டது. வாதத்தால் வெல்ல முடியாததைச் செயலால் வென்றுகாட்டுவது என்று அவன் தீர்மானித்தான்.

"சரி, எல்லாரும் நல்லா பாருங்க. சர்ச் வரைக்கும் ஏறி, திரும்பி வரேன். வழுக்கினா பேசு. வழுக்கலன்னா என் பொண்ணு வண்டியில ஏறுவா."

"போ. போய்க் காட்டு."

ஏற்றத்தில் கார் ஒரு குறையும் வைக்கவில்லை. பின்சக்கரங்கள் பனியைக் கவ்வி, மணல் மூட்டைகளின் கனத்தோடு சீராக உந்தின. சர்ச்சின் முன் வண்டியைத் திருப்பியபோது, சீட்டியடிக்கும் அளவுக்கு அவன் உள்ளம் குளிர்ந்திருந்தது. பக்கத்து இருக்கையில், வெரேனா உயரமாக உட்காருவதற்கென்று வாங்கிய மெத்தை இருந்தது. அதை ஒருமுறை தட்டிச் சரிசெய்தான்.

இறக்கத்தில் பார்ட்லின் விறகு அடுக்கையொட்டி ஓர் இடப்பக்க வளைவு உண்டு. அதை அணுகுகையில் மாக்னஸ் மெல்லப் பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினான். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. இன்னும் திருப்பினான். தனக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை என்பதுபோல், கார் நேர்கோட்டில், அவசரமின்றி, நடக்கும் வேகத்தில் விறகை நோக்கிச் சென்றது. அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே போனதாகத் தோன்றியது. பிறகு கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது.

அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அவ்வூர்க் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் பக்கமாகிய வலப்பக்க ஜன்னல் வழியே ஒரு விறகுக் கட்டை உள்ளே நுழைந்து, மெத்தையின்மேல் கிடந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடித் தூள்.

ரோஸ்விதா வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இது யார் எடம்?"

அவன் சட்டைக் கையால் மெத்தைமேலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டினான்.

"கேக்கறேன்ல? இங்க யார் உக்காந்திருப்பா?"

"தெரியுது. நிறுத்து."

"ஏழாம் பத்தி," என்றாள் அவள். பின்னர், வாசற்படியில் பையைக் கழற்றாமல் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உதட்டைச் சுழித்தாள். "இன்னொரு வழியும் இருக்கு. சாவியக் குடு. ஈஸ்டர் வரைக்கும் இது எங்கப்பா பட்டறையில கெடக்கட்டும். நீ பஸ்ல வா, அவளப் பஸ்ல கூட்டிட்டுப் போ. ஒவ்வொரு தடவையும். முடியாதுன்னா காபிக் கடை."

மலைப் பேருந்தைப் 'பால் வண்டி' என்று பதினைந்து ஆண்டுகளாக ஏளனம் செய்துவந்தவன் அவன். அவன் மறுப்பான் என்று நம்பித்தான் அவள் கேட்டாள். அது அவள் முகத்தில் வெளிப்படையாகவே தெரிந்தது. வீட்டை விட்டுக்கொடுத்த நாளில்கூட அவன் காரைப்பற்றி ஒரு சொல் விட்டுக்கொடுத்ததில்லை.

அவன் காரைவிட்டு இறங்கி, வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினான். விறைத்த விரல்களுக்கு அது எளிதில் வரவில்லை. அவள் உள்ளங்கையில் வைக்காமல், காரின் கூரைமேல் பனியில் வைத்தான்.

"பின்டயர் ரெண்டும் புதுசு. தொடாத."

"தொடறதா? மால போட்டுக் கும்பிடறேன்." சாவியைப் பனியோடு அள்ளிக்கொண்டாள். "நாலு பத்துக்கு பஸ். பயப்படாம ஏறு, அதுக்கு முன்சக்கரத்துலயும் பனி டயர் இருக்கு."

"என் விறகை யாருடா அடுக்குவா?" என்று பின்னாலிருந்து பார்ட்ல் கூவினார்.

பேருந்தில் வெரேனா அவனருகில் உட்காரவில்லை. நடைவழிக்கு அப்பாலிருந்த இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சர்ச்சைக் கடந்து மலைச்சாலை வளைந்து ஏறியது. பின்னர் பள்ளத்தாக்கை நோக்கிச் சற்றே இறங்கி, ஒரு வளைவை அணுகியது.

"அப்பா."

"என்ன?"

"பிரேக் டிரைவர்கிட்ட இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய வலக்கால் பேருந்தின் தரையை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. "தெரியும்," என்றான் கடுப்போடு. எனினும் வளைவு முடியும்வரை அவன் காலை எடுக்கவில்லை.